மன்னிப்புக் கேட்டவரின் வழக்கு

ஒருவர் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதை என் வாழ்நாளில் ஒருமுறைதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் தெருவுக்கு ஒரு தேவாலயம் இருக்கிற இத்தாலியின் பலெர்மோ நகரத்தில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பல்லரோச் சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் இரண்டு குடும்பங்களும் சில தனிக்கட்டைகளும். எல்லோரும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் இருந்து வந்த கத்தோலிக்கர். நான் பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு சின்யோராவின், அதுதான் இத்தாலிய வீட்டுக்காரம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்தேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எனக்கு ஓய்வு. அந்த இரண்டு நேரமும் நான் வீட்டுக்கு வந்தால் வீடு அதிரும் என்று சொல்வார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு மன்னார்த் தம்பி இருந்தார். முப்பது கடந்தவர். மனைவியும் மகளும் ஊரில். அவர்களை இங்கே கூப்பிடுவதற்குக் குவெஸ்தூராவில், அதுதான் எங்கள் வதிவிட அனுமதியெல்லாம் கிடக்கிற பெரிய பொலிஸ் அலுவலகத்தில், மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். படிக்கட்டுத் துடைப்பதும் வயது போன சின்யோராக்கள் சிலரின் வீடு கூட்டுவதும் அவருடைய வேலை. பணிவென்றால் அப்படி ஒரு பணிவு. குசினிக்குள் வந்து தண்ணீர் எடுப்பதற்கும் கூச்சப்படுவார். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருக்கும்.

அவர் வேலை செய்த வீடுகளில் ஒன்றில் ஒரு விதவைச் சின்யோரா இருந்தா. தன் வீட்டுக் கதவுத் திறப்பையே அவரிடம் கொடுத்து வைத்திருந்தா. ஒருநாள் அந்த மனுஷியின் தாயாருடைய தங்கக் காப்பைக் காணவில்லை. மேசை லாச்சியில் இருந்ததாம். மனுஷி லாச்சியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "இந்த வீட்டுக்குள் நானும் நீயும்தானே திரிகிறோம்" என்று சொல்லி அழுதிருக்கிறா. தம்பி ஒன்றும் பேசாமல் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் நடுவில் அதைச் சொல்லியிருக்கிறார்.

நான் அன்றைக்கு இல்லை. இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் மூத்தவராக ஒரு ஐயா இருந்தார். ஊரில் கோயில் சபையில் இருந்தவர். எந்தப் பிணக்கையும் மன்னிப்பில் முடித்துவைத்துப் பழகியவர். அவர் சொன்னாராம்:

"நீ எடுத்தியோ எடுக்கேல்லையோ, அது வேறை கதை. அந்த மனிசி மனம் நொந்து போச்சு. போய்க் காலிலை விழுந்து ஒரு வார்த்தை கேள். எல்லாம் சரிவரும்."

எங்கள் ஆட்கள் யாருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியாது. கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பெரியவர்களின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார். தூரப் பயணம் போகிறவர் கேட்பார். தபசு காலம் தொடங்கினால் சண்டை பிடித்த மச்சாள்மார் ஒருவரையொருவர் கேட்பார்கள். எதற்காக என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மன்னிப்பு எங்களுக்கு முகம் கழுவுகிற மாதிரி ஒரு காரியம்.

தம்பி சந்தையில் ஒரு பை மண்டரின் வாங்கினார். சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கிற நல்ல இனிப்பான சாதி. அதைக் கொண்டுபோய்ச் சின்யோராவின் காலடியில் வைத்து, முழங்காலில் நின்று, அவவின் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில், "பெர்தோனோ சின்யோரா, பெர்தோனோ" என்று சொல்லியிருக்கிறார். மன்னியுங்கள், மன்னியுங்கள். மனுஷி வீரிட்டுக்கொண்டு பின்னால் போய்த் தொலைபேசியை எடுத்தா. அவர் எழும்பி நிற்கிறதுக்குள் பொலிஸ் வந்துவிட்டது.

வியாழன் பின்னேரம் நான் வந்து இதைக் கேட்டபோது எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஐயாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அவ என்ன சுவாமியாரோ, பாவசங்கீர்த்தனம் கேக்கிறதுக்கு?"

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்" என்றார் ஐயா. பாவம், அவருடைய முகமும் செத்துப் போயிருந்தது.

தம்பியை அன்றைக்கே விட்டிருந்தார்கள். வழக்கு வரும்வரை வீட்டில் இருக்கலாமாம். கட்டிலில் குந்தியிருந்தார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊரில் பிடிபட்டு வருகிற எவரையும் கேட்கிற கேள்வி.

"அடிச்சவையோ?"

"இல்லை. கோப்பி தந்தவை" என்றார் அவர். அதைச் சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லாத மாதிரி இருந்தது.

பிறகு மெதுமெதுவாக மிச்சமும் வந்தது. அந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் சிங்களவர். இத்தாலியில் இலங்கை ஆள் என்றாலே 'சிங்கலேசே'தான், ஒரு நாட்டில் ஒரு பாஷைதானே இருக்கும் என்கிற நினைப்பு. பொலிஸ் உடுப்பு ஒரு பக்கம், மறுபக்கம் சிங்களத்தில் கேள்வி. மன்னாரில் சோதனைச் சாவடிகளுக்குள்ளால் வளர்ந்த ஒரு ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு கடுதாசியை நீட்டியபோது, வாசிக்கத் தெரியாத பாஷையில், எங்கே என்று கேட்டு ஒப்பம் வைத்திருக்கிறார்.

"என்ன எழுதியிருந்தது எண்டு கேட்டனீரோ?" என்றேன்.

"எங்கடை ஊரிலை ஆர் அக்கா கேக்கிறது?"

ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த அடி குவெஸ்தூராவில் விழுந்தது. வழக்கு முடியும்வரை மனைவி பிள்ளையின் மனுவை எடுக்க முடியாது என்றார்கள். தீர்ப்பு எதிராக வந்தால் அவருடைய பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்படாது. அந்த வதிவிட அனுமதி போனால் அவரே திரும்பிப் போக வேண்டும். சண்டை நடக்கிற ஊருக்கு, கள்ளன் என்ற பட்டத்தோடு. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவருக்குக் கூடுதலாகக் கறி போட்டார்கள்.

நீதிமன்றம் அவருக்கு ஒரு சட்டத்தரணியை ஒதுக்கியிருந்தது. இத்தாலியத்தில் அவ்வொகாத்தோ. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சொல்கிற அப்புக்காத்துத்தான். நானும் வேறு பேர் வைக்காமல் அப்புக்காத்து அம்மா என்றே கூப்பிட்டேன். அம்மா என்றாலும் என்னைவிட இளையவ. தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கொண்டையாக்கி, ஓயாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன அறைக்குள் இருந்தா. தம்பியை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, முதல் வேலையாக அவரைப் பார்த்து விரலை நீட்டினா.

"இனி இந்த வழக்கு முடியும்வரை எவரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் தம்பி.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவவுக்கே விளங்கிவிட்டது.

அன்றைக்கு அந்தச் சின்ன அறையில் கேட்டவற்றை நான் இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். பொலிஸ் கேட்டாலும் நீதிபதி கேட்டாலும் ஒருவர் பேசாமல் இருக்கலாமாம். அது திமிர் இல்லை, உரிமையாம். தனக்கு விளங்காத கடுதாசியில் ஒருவரும் ஒப்பம் வைக்கத் தேவையில்லையாம். தன்மேல் என்ன குற்றம் என்று தன் சொந்தப் பாஷையில் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டாம், அதற்கு ஆளைத் தேடித் தர வேண்டியது நீதிமன்றமாம். எனக்கு முதலாவதில் சமாதானம் இல்லை.

"பேசாமல் இருந்தால் கள்ளன் என்று நினைக்க மாட்டார்களா?"

"நினைக்கலாம்" என்றா அப்புக்காத்து அம்மா. "தீர்ப்பில் எழுத முடியாது. இவர் எடுத்தார் என்று காட்ட வேண்டியது அரசாங்கம். எடுக்கவில்லை என்று காட்ட வேண்டியது இவர் இல்லை."

திரும்பி வரும் வழியெல்லாம் இந்த வசனத்தை நான் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் பழக்கமில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது, ஆனால் ருசியாக இருந்தது.

முதல் தவணைக்கு, அதாவது வழக்கை எடுத்த முதல் நாளுக்கு, எங்கள் வீடே திரண்டு போனது. நீதிமன்ற வாசலில் துப்பாக்கியோடு இராணுவம் நின்றது. நீதிபதிகளைக் காப்பதற்காக அந்த வருடங்களில் நகரம் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். தம்பி படியிலேயே நின்றுவிட்டார். வாசலில் நின்ற சிப்பாய் முகத்தில் பரு மாறாத பெடியன். "போன்ஜோர்னோ" என்று காலை வணக்கம் சொல்லி வழிவிட்டான். உள்ளே நீதிபதியின் தலைக்கு மேல் ஒரு பாடுபட்ட சுரூபம், சிலுவையில் அறைந்த இயேசு, தொங்கியது. எங்கள் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நரைத்த மனிதர், தூக்கம் போதாத முகம்.

மொழிபெயர்க்க வந்திருந்தவர் அதே சிங்களவர். நான் அவரைத் தின்னுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மனிதன் என் கணக்கைப் பிழையாக்கிவிட்டார். அப்புக்காத்து அம்மா எழுந்து, "நீங்கள் பேசுவது எந்த மொழி?" என்று கேட்க, அவர் நேராக நீதிபதியைப் பார்த்து, "ஐயா, நான் சிங்களம் பேசுகிறவன். இவருடைய மொழி தமிழ். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. பொலிஸ் நிலையத்திலும் இதைச் சொன்னேன். பரவாயில்லை, கேள் என்றார்கள்" என்றார்.

அப்புக்காத்து அம்மா குரலை உயர்த்தவில்லை. சட்டத்தரணி பக்கத்தில் இல்லாமல், விளங்காத மொழியில் கேட்டு, விளங்காத மொழியில் எழுதி வாங்கிய வாக்குமூலம் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொன்னா. அரசாங்கப் பக்கத்துச் சட்டத்தரணி ஏதோ எதிர்த்துப் பேசினார். நீதிபதி கேட்டுவிட்டு, அந்தக் கடுதாசியை வழக்குக்குப் பயன்படுத்த முடியாது என்று தீர்த்து ஒதுக்கினார். தமிழ் தெரிந்த ஆளைக் கொண்டுவரச் சொல்லித் தவணை கொடுத்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்தவ என் கையைப் பிடித்துவிட்டா.

வெளியே விறாந்தையில் அந்தச் சிங்களவர் தம்பியிடம் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தம்பி பதிலுக்கு அவரிடம் கேட்டார். அப்புக்காத்து அம்மா தூரத்தில் நின்று தலையில் கை வைத்தா.

இரண்டாம் தவணையில் நீதிமன்றம் உண்மையாகவே தமிழரைத் தேடிப் பிடித்திருந்தது. வந்தவர் மொரீஷியஸ்காரர். முகம் எங்கள் முகம், பேர் எங்கள் பேர், நெற்றியில் திருநீறு. எல்லோருக்கும் நிம்மதி. அவரும் கம்பீரமாகச் சத்தியம் செய்தார். நீதிபதி குற்றப்பத்திரத்தின் முதல் வசனத்தை வாசித்துவிட்டுக் காத்திருந்தார். மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், தொண்டையைச் செருமினார். பிறகு இத்தாலியத்தில் சொன்னார்:

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, தமிழில் எனக்கு முருகனுடைய பாட்டுகள் தெரியும். காவடிக்குப் பாடுவது. இவருக்கு அது உதவும் என்றால் பாடுகிறேன்."

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். அவர்கள் நான்கு தலைமுறைக்கு முன்னால் கப்பல் ஏறிப் போனவர்கள், வீட்டில் பேசுவது கிரியோல். யாரோ அலுவலகத்தில் 'தமிழா?' என்று கேட்டிருக்கிறார்கள், அவர் பெருமையோடு ஓம் சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பொதுமக்கள் இருந்த வாங்கைப் பார்த்தார்.

"இரண்டு மொழியும் தெரிந்தவர் இந்த நகரத்தில் ஒருவரும் இல்லையா?"

என் கால் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது.

முன்னுக்குக் கூப்பிட்டார்கள். என் சின்யோராவோடு இருந்து நானும் நல்ல இத்தாலியம் பேசப் பழகியிருந்தேன். அப்புக்காத்து அம்மா ஒளிக்காமல், இந்தப் பெண் என் அறையில் ஒருமுறை உதவியிருக்கிறா என்று சொன்னா. அரசாங்கப் பக்கத்தார் தோளைக் குலுக்கி, பாட்டை விட இது நல்லது என்றார். அந்த நேரம் பார்த்துத் தம்பி, "அக்கா!" என்று பெரிய மூச்சு விட்டார்.

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன சொன்னார்?"

"மூத்த சகோதரி என்றார்."

"நீங்கள் இவருடைய சகோதரியா? அப்படியென்றால் மொழிபெயர்க்க முடியாது."

"ஐயா, எங்களில் கொஞ்சம் வயது கூடிய பெண்கள் எல்லோரும் அக்காதான். அந்தக் கணக்கில் பார்த்தால் பலெர்மோவில் பாதித் தமிழர் என் சகோதரர்."

பதிவுகளைப் பார்த்து, உறவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அடுத்த தவணைக்கு என்னை நியமித்தார். போகும்போது அப்புக்காத்து அம்மா என் காதைக் கடித்தா. அதுவரை தம்பியோடு வழக்கைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. அவர் சொல்வதைத்தான் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

என் வாழ்க்கையில் அந்தக் கிழமைகள்தான் நான் ஆகக் குறைவாகக் கதைத்த கிழமைகள். வியாழனும் ஞாயிறும் வந்தால் ஒரே வீடு, ஒரே குசினி. தம்பி வருவார், நான் கறியைக் கிளறுவேன். "உப்புக் காணுமோ?" "காணும் அக்கா." அவ்வளவுதான். ஐயா ஒருநாள் ஏதோ ஆலோசனை சொல்ல வாயெடுத்தார். நான் அகப்பையைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டார்.

மூன்றாம் தவணை வந்தது. நான் சத்தியம் செய்து, தம்பிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். நீதிபதி குற்றப்பத்திரத்தை வாசிக்க வாசிக்க, நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். தன்மேல் என்ன சொல்லப்படுகிறது என்பதை அந்த மனிதன் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டு முடித்ததும் கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது.

"இது எண்டால் எனக்குப் பதில் இருக்கு அக்கா" என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். நீதிபதி தலையசைத்தார்.

சின்யோரா சாட்சிக்கு வந்தா. கறுப்பு உடுப்பு, கையில் கைலேஞ்சி. அவவைப் பார்த்தவுடன் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அந்த மனுஷி பொய் சொல்லவில்லை. காப்பைக் காணவில்லை, அடுத்த நாள் இவர் வந்து முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார், எடுக்காதவன் ஏன் கேட்க வேண்டும் என்று கேட்டா. கேள்வி நியாயமான கேள்விதான். அறையில் பல தலைகள் ஆடின. நான் அதைத் தமிழில் சொன்னேன். பொலிஸ் கடுதாசி போன பிறகு வழக்கில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு மன்னிப்புத்தான். அது நின்றால் தம்பி விழுந்தார்.

அப்புக்காத்து அம்மா எழுந்தா. பென்சிலைத் தலையிலிருந்து உருவி மேசையில் வைத்தா.

"சின்யோரா, அவர் காப்பை எடுத்ததை நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை."

"வேறு யாரிடமாவது உங்கள் வீட்டுத் திறப்பு இருக்கிறதா?"

"வாசல்காரனிடம் ஒன்று. என் பெறாமகனிடம், தங்கையின் மகனிடம், ஒன்று."

"அன்றைக்கு முன்னம் எப்போதாவது இவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாரா?"

மனுஷி ஒரு கணம் யோசித்தா. பிறகு முகம் மாறியது.

"எப்போதும் கேட்பார். லிப்ட் பழுதானபோது என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் தங்கை செத்தபோது கேட்டார். மழை பெய்து நான் காயப்போட்ட உடுப்பு நனைந்தாலும் கேட்பார். என் மகன் நத்தார்ப் பண்டிகைக்கு வராமல் விட்டதற்கும் இவர்தான் கேட்டார். மகன் கேட்கவில்லை."

கடைசி வசனத்தை நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்னமே அறை சிரிப்பால் நிறைந்துவிட்டது. நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டு கடுதாசிகளைப் பார்த்தார். சின்யோரா மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு நின்றா. அந்தக் கேள்வியை எந்தத் துணிவில் கேட்டீர்கள் என்று நான் பிறகு அப்புக்காத்து அம்மாவிடம் விசாரித்தேன். தன் அறைக் கதிரை கிறீச்சிட்டதற்கும், தன் தொலைபேசி அடித்ததற்கும் மன்னிப்புக் கேட்ட மனிதன், அந்த வீட்டில் மட்டும் கேட்காமலா இருந்திருப்பான் என்றா.

தம்பி பேசாமல் இருக்கலாம் என்று நீதிபதி அவருக்கு நினைவூட்டினார். தம்பி பேசப் போவதாகச் சொன்னார்.

"காப்பை நான் எடுக்கேல்லை" என்றார். "கண்டதும் இல்லை."

"பிறகு எதற்காக மன்னிப்புக் கேட்டீர்?" என்று நீதிபதி கேட்டார். கேட்டுவிட்டு, தம்பி வாய் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இது உங்கள் நாட்டு வழக்கமா?"

கடவுளே! எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. கலியாணம், பயணம், தபசு காலம், மச்சாள்மார், ஐயாவின் ஆலோசனை. வாயைத் திறந்தால் அரை மணித்தியாலம் நிற்காமல் சொல்லுவேன், அதுவும் நல்ல இத்தாலியத்தில். வாங்கில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லு, சொல்லு என்று கண்ணால் கெஞ்சினார்கள். அரசாங்கப் பக்கத்தார் பேனையைக் கையில் எடுத்துவிட்டார். நான் சொல்லத் தொடங்கினால் மொழிபெயர்ப்பவளாக இருக்க மாட்டேன், சாட்சியாகிவிடுவேன். அதற்குப் பிறகு அன்றைய நாளே கவிழ்ந்துவிடும். பல்லைக் கடித்தேன்.

"ஐயா, நான் இங்கே அவருடைய வாயாக இருக்கச் சத்தியம் செய்திருக்கிறேன். என்னுடைய வாய் இங்கே இல்லை. அவரிடமே கேளுங்கள்."

என்னை அறிந்தவர்கள் எவரும் இதை நம்ப மாட்டார்கள். சாட்சிகள் இருக்கிறார்கள்.

நீதிபதி, "சரியான பதில்" என்றார். பிறகு தம்பியிடம் கேட்டார். தம்பி அவசரப்படவில்லை. சின்யோரா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவ அழுதுகொண்டு நிண்டவ. வயது போன மனிசி. பெரியவை அழுதால் சின்னவை மன்னிப்புக் கேக்கிறது. ஆர் பிழை எண்டதைப் பேந்து பாக்கலாம். முதலிலை அழுகையை நிப்பாட்டவேணும்."

நான் அதைச் சொல்லுக்குச் சொல் இத்தாலியத்தில் வைத்தேன். ஒன்றும் பூசவில்லை, மெழுகவில்லை. சொல்லி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சின்யோரா கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தா.

அரசாங்கப் பக்கத்தார் எழுந்து, ஆதாரம் போதாது, ஆகவே விடுதலை செய்யலாம் என்றார். அது போதும் என்று நான் நினைத்தேன். அப்புக்காத்து அம்மா கொதித்துவிட்டா. சந்தேகத்தின் பேரில் விடுதலை எங்களுக்கு வேண்டாம், சந்தேகத்தைத் தலையில் சுமந்துகொண்டு இவர் குவெஸ்தூரா வரிசையில் நிற்க முடியாது, இவர் அதைச் செய்யவில்லை என்று எழுதுங்கள் என்று மேசையில் தட்டினா. அவவின் கோபத்தைப் பார்த்து எனக்கு என் சொந்தத் தங்கச்சியைப் பார்த்த மாதிரிப் பெருமையாக இருந்தது.

நீதிபதி உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம். எங்கள் பெண்கள் செபமாலை சொன்னார்கள். தம்பி கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மணி அடித்தது. நீதிபதி வந்தார், எல்லோரும் எழுந்தோம். அவர் கடுதாசியைப் பிடித்து வாசித்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு தமிழில் சொன்னேன்:

"இத்தாலிய மக்களின் பேரால். இந்தச் செயலை இவர் செய்யவில்லை. ஆகையால் இந்த நீதிமன்றம் இவரை விடுதலை செய்கிறது."

வாங்குப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் சிரிப்பும் கலந்து. அப்புக்காத்து அம்மா கண்ணை மூடிக்கொண்டா. தம்பி மட்டும் அசையவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார். அவர் கடுதாசியை மடித்துக்கொண்டிருந்தார், அடுத்த வழக்குக்காரர் வாசலில் நின்றார்கள்.

"மறுபடியும் கேட்க வேண்டுமாம், ஐயா."

"விளங்கவில்லையா?"

நான் தம்பியிடம் கேட்டேன். அவர் சொன்னதை நீதிபதிக்குச் சொன்னேன். "விளங்கியதாம். இன்றைக்கு மனைவிக்குக் கடிதம் எழுதப் போகிறாராம். ஒரு சொல்லும் பிழையாகக் கூடாதாம்."

நீதிபதி தம்பியைப் பார்த்தார். மடித்த கடுதாசியைத் திரும்ப விரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் சொல்லிலிருந்து, முன்னதைவிட ஆறுதலாக, ஒவ்வொரு வசனத்துக்கும் எனக்கு இடம் விட்டு வாசித்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். இந்த முறை நான் மெல்லச் சொல்லவில்லை. பல்லரோவில் மீன்காரனோடு மல்லுக்கட்டுகிற என் சொந்தக் குரலில், விறாந்தையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, "இந்தச் செயலை இவர் செய்யவில்லை" என்று சொன்னேன். தம்பி ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.